அத்தியாயம் 9: கராஜுக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

வினிபெக்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 16 டிகிரி. டொரொன்டோவில் அதே மாதம் மைனஸ் 4, 5 என்ற அளவில் நிற்கும். இரண்டு ஊரிலும் டீசல் டிரக் வைத்திருப்பவர்கள் நவம்பர் பிறந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். கராஜுக்கு ஹீட்டர் போடலாமா, போட்டால் வண்டிக்கு நல்லதுதானே? இரண்டு ஊருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது. சூடான கராஜ் டீசல் எஞ்சினுக்குச் செய்யும் உதவி உண்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உதவிக்கு வேண்டிய சூடு பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. அதற்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு டிகிரியும் மின்கட்டணத்தைக் கூட்டும், கூடவே வண்டியின் அடிப்பாகத்தைத் தின்னும் துருவுக்கும் தீனி போடும். கராஜில் காசு கொடுத்து வாங்கவேண்டியது கொஞ்சம் சூடும் நிறைய உலர்வும்தான். சூடு வந்தால் உலர்வு தானாக வந்துவிடும் என்று நம்புவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

முதலில் எஞ்சினின் பக்க நியாயம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினைந்து, பதினெட்டு மடங்கு அமுக்கி, அந்த அமுக்கத்தில் பிறக்கும் வெப்பத்திலேயே டீசலைப் பற்றவைக்கிறது. மைனஸ் 25-ல் இரவெல்லாம் நின்ற எஞ்சினில், பிறக்கிற வெப்பத்தைச் சில்லிட்ட சிலிண்டர் சுவரே குடித்துவிடும். அதை ஈடுகட்டத்தான் சில எஞ்சின்களில் குளோ பிளக் இருக்கிறது. கம்மின்ஸ் போன்றவற்றில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கம்பிவலை இருக்கிறது. இரண்டுக்கும் மின்சாரம் பேட்டரியிலிருந்தே வரவேண்டும். பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் சிசிஏ என்ற எண், மைனஸ் 18 டிகிரியில் 30 வினாடிக்கு அது எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதைச் சொல்கிறது. அந்தக் குளிரில் ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கிவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் பாகாக இறுகி, சுற்றவே மறுக்கும். 15டபிள்யூ ஆயிலின் குளிர்ச் சோதனை மைனஸ் 20-ல் நடக்கிறது. 5டபிள்யூ-க்கு அது மைனஸ் 30, 0டபிள்யூ-க்கு மைனஸ் 35. கோடையில் ஊற்றிய 15டபிள்யூ-40 ஆயிலோடு மைனஸ் 28-ல் சாவியைத் திருப்புகிறவர், பலம் பாதியான பேட்டரியிடம் இரண்டு மடங்கு வேலை கேட்கிறார்.

இந்தத் தொல்லைகளெல்லாம் பூச்சியத்துக்கு மேல் நாலைந்து டிகிரியிலேயே தீர்ந்துவிடும் என்பதைக் கவனிக்கவேண்டும். 5 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில் ஊட்டியில் அடிக்கிற குளிர். அங்கே டீசல் பஸ்கள் எந்த ஹீட்டரும் இல்லாமல்தான் கிளம்புகின்றன. புகையைச் சுத்தப்படுத்துவதற்காகப் புதிய டிரக்குகளில் ஊற்றும் டெஃப் என்ற யூரியா திரவம் மைனஸ் 11-ல் உறையும். 5 டிகிரி கராஜில் அதுவும் உறையாது. (வெளியே உறைந்தாலும் பதற வேண்டாம், வண்டியே அதை உருக்கிக்கொள்ளும். உறையும்போது ஏறத்தாழ 7 சதவீதம் விரியும் என்பதால் அந்த டேங்க்கை மட்டும் விளிம்புவரை நிரப்பாதீர்கள்.) ஆக, எஞ்சினைக் காரணம் காட்டி கராஜை 15, 20 டிகிரியில் வைக்க ஒரு நியாயமும் இல்லை.

அடுத்தது டீசல். இங்கே கராஜ் உதவுவதைவிட ஏமாற்றுவது அதிகம். மார்கழி மாதம் குளியலறை அலமாரியில் தேங்காயெண்ணெய் முதலில் கலங்கி, பிறகு வெள்ளையாக உறைவதைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. டீசலிலும் அதே கதைதான், வெப்பநிலை மட்டும் வேறு. டீசலில் கரைந்திருக்கும் மெழுகு ஒரு குறிப்பிட்ட குளிரில் துகள்களாகப் பிரியத் தொடங்கும். டீசல் கலங்குகிற அந்த நிலைக்குப் பிறகு இன்னும் சில டிகிரி இறங்கினால் மெழுகு வடிகட்டியில் அப்பிக்கொண்டு எஞ்சினுக்குப் போகும் வழியை அடைத்துவிடும். கனடாவில் எரிபொருள் நிறுவனங்கள் ஊருக்கு ஊர், பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அந்த வட்டாரத்தில் எதிர்பார்க்கும் குளிருக்கேற்ப டீசலின் கலவையை மாற்றுகின்றன. ஆகவே ஜனவரியில் வினிபெக்கில் நிரப்பிய டீசல் வினிபெக் குளிரைத் தாங்கும். செப்டம்பரில் நிரப்பிய டீசலுக்கும், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நிரப்பிக்கொண்டு வந்த டீசலுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. சோயா எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலப்பில்லாத நிலையில் பூச்சியம் டிகிரியை ஒட்டியே கலங்கத் தொடங்கும். அது கூடுதலாகக் கலந்திருந்தால் இன்னும் சிக்கல்.

இப்படிப்பட்ட டீசலோடு கராஜில் தூங்கிய வண்டி காலையில் ஒரு திருப்பிலேயே கிளம்பும். ஓட்டுநருக்கு ஒரு குறையும் தெரியாது. வினிபெக்கிலிருந்து தண்டர் பே 700 கிலோமீட்டர். மைனஸ் 30 காற்றில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பக்கவாட்டில் தொங்கும் அலுமினிய டேங்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரும். எஞ்சினிலிருந்து திரும்பிவரும் இளஞ்சூடான டீசல் சற்றுத் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்வளவே. வழியில் வரும் கெனோராவைத் தாண்டி, கைப்பேசி சிக்னல் அற்றுப்போன காட்டுச் சாலையில் வண்டி இழுவை குறைந்து நின்றுவிட்டால், அதற்கான காரணம் முந்தின இரவே டேங்க்கில் இருந்தது. கராஜ் அதை மறைத்துவிட்டது. தெருவில் நின்றிருந்தால் வீட்டு வாசலிலேயே கிளம்ப மறுத்திருக்கும், டாக்சி பிடித்து வேலைக்குப் போயிருக்கலாம். எனவே கராஜ் வைத்திருப்பவர்தான் டீசல் விஷயத்தில் கூடுதலாகக் கவனமாக இருக்கவேண்டும். குளிர்காலத்தில் எங்கே ஓட்டப் போகிறீர்களோ அந்த ஊர் டீசலை நிரப்புங்கள். மெழுகு கட்டாமலிருக்க ஊற்றும் மருந்தை டீசல் கலங்கும் முன்பே, அதாவது சூடான கராஜில் இருக்கும்போதே ஊற்றுங்கள். கட்டிய மெழுகை அது கரைக்காது. மாலையில் திரும்பியதும் டேங்க்கை முக்கால்வாசிக்குக் குறையாமல் வைப்பது இன்னொரு நல்ல பழக்கம். காலி இடத்தில் நிற்கும் ஈரக்காற்று, சில்லிட்ட டேங்க் சுவரில் ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல நீராகப் படியும். அந்த நீர் பிறகு டீசல் குழாயில் பனிக்கட்டியாகும்.

இனி உப்பு. இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. சாலையில் பனியை உருக்கத் தூவும் உப்பு வண்டியின் அடியில் சேறோடு சேர்ந்து அப்பிக்கொள்கிறது. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி தானாகவே நசநசத்துப் போகிறதே, அதற்குக் காரணம் உப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு. சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீராகும்; மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கால்சியம் குளோரைடும் அதே ஜாதி. கடுங்குளிரிலும் வேலை செய்யும் என்பதால் இந்த இரண்டையும் பல இடங்களில் சாலைக்குத் தெளிக்கிறார்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்று சொல்வதை இந்த உப்பு எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படாவிட்டாலும் காற்றிலிருந்தே குடித்துக்கொண்டு, சேசிஸின் உள்மடிப்பிலும், டேங்க்கைத் தாங்கும் பட்டைக்குப் பின்னாலும், பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்பின் அடியிலும் ஈரமாகவே உட்கார்ந்திருக்கும்.

வேதிவினைகளின் வேகம் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்குப்படி, மைனஸ் 10-ல் தெருவில் நிற்கும் உப்பு படிந்த டிரக்கைவிட 20 டிகிரி கராஜில் ஈரமாக நிற்கும் டிரக் எட்டு மடங்கு வேகமாகத் துருப்பிடிக்கும். 5 டிகிரி கராஜில் இது மூன்று மடங்குக்குள் அடங்கும். சாதாரண உப்பு நீர் மைனஸ் 21 வரை முழுதாக உறையாது என்பதால் தெருவில் நிற்கும் வண்டிக்கும் துருவிலிருந்து விடுதலை இல்லை. அங்கே அது ஆமை வேகத்தில் நடக்கிறது. டொரொன்டோ பக்கத்து நிலைமை இங்கேதான் மோசம். பூச்சியத்தை ஒட்டிய குளிர், தினமும் உப்பு, தினமும் ஈரம். வினிபெக்கில் கடுங்குளிர் நாட்களில் உப்பு வேலைக்கு ஆகாது என்பதால் மணலைக் கூடுதலாக நம்புகிறார்கள். குளிர் குறைந்த ஊரில் எஞ்சினுக்கு கராஜ் தேவைப்படுவது குறைவு, துருவுக்கு கராஜ் துணைபோவது அதிகம். உப்பு நீர் இரும்பை என்ன செய்யும் என்பதற்கு ஒன்டாரியோவிலேயே ஒரு கொடிய சாட்சி உண்டு. எலியட் லேக்கில் ஆல்கோ சென்டர் என்ற வணிக வளாகத்தின் கூரைதான் கார் நிறுத்துமிடமாக இருந்தது. கார்களிலிருந்து வடிந்த உப்பு கலந்த தண்ணீர் பல ஆண்டுகளாகக் கசிந்து, உத்தரத்தைத் தாங்கிய இரும்பு இணைப்பை அரித்துவிட்டது. 2012 ஜூன் 23 அன்று கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள்.

‘சூடான கராஜில் வண்டி காய்ந்துவிடுமே, காய்ந்தால் துரு ஏது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காய்ந்தால் துரு நின்றுவிடும் என்பதும் உண்மை. ஆனால் காயுமா? 7 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள கராஜை எடுத்துக்கொள்வோம். கதவை மூடியபின் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் சேர்ந்து 5 டிகிரியில் ஒரு லிட்டருக்கும் குறைவான நீரைத்தான் ஆவியாக ஏந்த முடியும். 20 டிகிரியில் இரண்டு லிட்டரும் கொஞ்சமும். பனிப்பொழிவில் ஓடிவந்த பெரிய பிக்கப் டிரக் சக்கர வளைவுகளிலும் அடியிலுமாக 50 கிலோ பனியையும் சகதியையும் சுமந்து வரலாம். உருகிய 50 லிட்டரில் இரண்டு லிட்டரைத்தான் காற்று வாங்கிக்கொள்ளும் என்றால் மீதி எங்கே போகும்? தரையில் குளமாக நிற்கும், காற்றை நூறு சதவீத ஈரத்தில் வைத்திருக்கும், சில்லென்ற சேசிஸ் மேல் மறுபடி படியும். ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை எவ்வளவு திருகினாலும் இந்தக் கணக்கு மாறாது. காலையில் கதவைத் திறக்கும்போது ஜன்னல் கண்ணாடி வியர்த்திருந்தால், உங்கள் டிரக் இரவெல்லாம் உப்பு நீராவியில் வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

காய வைக்கும் வழி வேறு, அது மலிவானதும்கூட. குளிர்காலக் காற்றில் நீர் மிகக் குறைவு. வெளியே மைனஸ் 15-ல் 80 சதவீத ஈரப்பதம் என்று வானிலை அறிக்கை சொல்லும் அதே காற்றை உள்ளே இழுத்து 5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மக்னீசியம் குளோரைடே உலர்ந்துவிடும் அளவு அது. ஆகவே வண்டியை உள்ளே விடுமுன் சக்கர வளைவுகளில் தொங்கும் பனிக்கட்டியை வாசலிலேயே தட்டி விழவையுங்கள். 50 கிலோ பனியை உருக்க மட்டும் ஹீட்டர் நாலரை யூனிட் மின்சாரம் செலவழிக்கும், அதுவும் மிச்சம். உருகிய நீரை ரப்பர் வைப்பரால் வடிகாலுக்குத் தள்ளுங்கள். பிறகு வெளிக்காற்று வந்துபோக ஒரு சிறு மின்விசிறி ஓடட்டும். ஹார்ட்வேர் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, அதைப் பார்த்து விசிறியை நடத்துங்கள். தெர்மாமீட்டரைவிட அது பயனுள்ள கருவி. எல்லாவற்றுக்கும் முன்னால் உப்பைக் கழுவவேண்டும், அதுவும் அடிப்பாகத்தை. மைனஸ் 5-க்கு மேல் வெப்பநிலை ஏறும் நாளாகப் பார்த்து, அடியிலிருந்து பீய்ச்சும் வசதியுள்ள கழுவுமிடத்துக்குப் போய், நேராக கராஜுக்குத் திரும்பி, விசிறி போட்டுக் காயவிடுங்கள். கழுவாத வண்டிக்குக் கேடு செய்யும் அதே கராஜ் கழுவிய வண்டிக்கு வரப்பிரசாதம்.

‘இவ்வளவு பாடு எதற்கு, எஞ்சினை மட்டும் மின்சாரத்தில் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் போதாதா?’ என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கேள்வி. பல வண்டிகளுக்கு அது போதும் என்பதே என் பதில். 1000 வாட் பிளாக் ஹீட்டரைக் கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் டைமர் வைத்து ஓடவிட்டால் செலவு நாலு யூனிட். மைனஸ் 20 நாளில் கராஜை 5 டிகிரியில் வைக்க மணிக்கு 3 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 72 யூனிட். அதே கராஜை 20 டிகிரியில் வைத்தால் 115 யூனிட். பிளாக் ஹீட்டரும் நல்ல 5டபிள்யூ-40 செயற்கை ஆயிலும் ஆரோக்கியமான பேட்டரிகளும் இருந்தால் மைனஸ் 25 வரை தெருவில் நின்ற வண்டியும் பேசாமல் கிளம்பும். கராஜால் மட்டுமே ஆகும் காரியங்களும் உண்டு. பனிக்குள் படுக்காமல் வண்டியின் அடியைப் பார்க்கலாம், கழுவிய வண்டியைக் காயவைக்கலாம். ஏர் பிரேக் வண்டியென்றால் காற்று டேங்க்குகளில் சேர்ந்த நீரைத் திறந்துவிடலாம். வெளியே அந்த நீர் பனிக்கட்டியாகிவிடும், வால்வைத் திறந்தாலும் வராது.

வெளியே எடுக்கும்போது மறக்கக்கூடாதவை இரண்டு. ஒன்று டயர். 5 டிகிரி கராஜுக்குள் 80 பிஎஸ்ஐ காட்டும் டயர், மைனஸ் 25-ல் குளிர்ந்தபின் 70-தான் காட்டும். 20 டிகிரி கராஜில் 80 வைத்திருந்தால் 65-க்கு வந்துவிடும். எனவே காற்றை வெளியே, வண்டி ஆறியபின் அளங்கள். உள்ளேதான் அளக்கமுடியும் என்றால் வித்தியாசத்தைக் கூட்டி அடியுங்கள், டயரின் பக்கச்சுவரில் அச்சடித்த உச்ச அளவைத் தாண்டாமல். இன்னொன்று பிரேக். கராஜில் நனைந்த பிரேக் லைனிங் வெளியே நிறுத்தியதும் டிரம்மோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கிளம்பிய முதல் கிலோமீட்டரில் பிரேக்கை லேசாகப் பலமுறை அமுக்கி ஓட்டினால் அந்தச் சூட்டில் ஈரம் போய்விடும். கழுவிய அன்று கதவு ரப்பரில் கொஞ்சம் சிலிக்கோன் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் கதவு கையோடு வராது.

மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் 2012-ல் சேர்த்தது. கதவை முழுதாகத் திறந்து, பிறகு சாவியைத் திருப்பி, உடனே வெளியே எடுங்கள். கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் இடைக்கதவு மூடியிருக்கட்டும். எரிவாயு ஹீட்டர் பொருத்துவதாக இருந்தால் உரிமம் பெற்றவரைக் கொண்டு செய்யுங்கள்.

வினிபெக், எட்மன்டன் பக்கம் இருந்து, தினமும் அதிகாலையில் வண்டியை எடுப்பவரென்றால் சூடான கராஜ் செலவுக்குத் தகும். தெர்மோஸ்டாட்டை 5-ல் வைத்து அதை மறந்துவிடுங்கள். டொரொன்டோ வட்டாரத்தில் இருப்பவரென்றால் ஹீட்டருக்கென்று எடுத்துவைத்த பணத்தில் முதலில் தரைக்கு ஒரு வடிகாலும் சுவருக்கு ஒரு விசிறியும் போட்டுவிட்டு, மிச்சத்தை மார்ச் வரைக்கும் அடிப்பாகம் கழுவ ஒதுக்குங்கள். அதன் பிறகும் பணம் மிஞ்சினால் ஹீட்டரைப் பற்றி யோசிக்கலாம்.